படுதாப் பக்கம்

"சாம்பிளுக்கு யாராச்சும் காசு குடுப்பாங்களா ஆத்தா?" என்று என் தாய்மாமா கேட்டபோது வந்த கோபம் எனக்கு இன்னும் முழுசாக இறங்கவில்லை. இறங்கிய பிறகு எழுதலாம் என்றுதான் இருந்தேன். இறங்குகிற மாதிரி தெரியவில்லை. அதனால் கோபத்தோடே எழுதுகிறேன்.

மாமா நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஊரில் எல்லோரும் அவரைப் பற்றி முதலில் சொல்வது அதைத்தான். போடியில் ஏலக்காய் புரோக்கர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பிடி காய் இருக்கும். வழியில் பார்க்கிறவர், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர், கல்யாணப் பந்தியில் எதிர் இலையில் சாப்பிடுகிறவர், யாராக இருந்தாலும் எடுத்துக் கையில் திணிப்பார். வாங்கியவர் முகர்ந்து, ஒன்றை நகத்தால் உரித்து, "பச்சை நல்லாருக்கே" என்பார். அதற்குக் காசு கேட்டால் அதைவிடக் கேவலம் வேறு இல்லை. எங்கள் ஊரில் ஏலக்காயை மூட்டையாக விற்பார்கள், கிலோவாக விற்பார்கள். கைப்பிடியை யாரும் விற்பதில்லை. ஏலம் நடக்கிற இடத்திலும் அப்படித்தான். சாம்பிள் கை மாறிக் கை மாறிப் போகும். பார்த்து முடித்தவர் அப்படியே தரையில் கொட்டிவிட்டு அடுத்ததைக் கையில் எடுப்பார். காலில் மிதிபடுவது காய்தான் என்று ஒருவருக்கும் உறுத்தாது.

நான் விற்றது ஏலக்காய் இல்லை. படக்கதை. நானே எழுதி, நானே வரைந்து, நானே கலர் போட்ட காமிக்ஸ். அச்சிடவில்லை. காசு கட்டியவர்கள் போனில் இறக்கிப் படித்துக்கொள்கிற பி.டி.எஃப். மாமாவின் கணக்கில் கைக்கு எடை தெரியாத பொருள் எல்லாம் சாம்பிள்.

நான் வேலை பார்ப்பது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கையால்தான் போகிறது. கறுத்த மாப்பிள்ளையை வெளுக்க வைப்பேன். மண்டபத்துக்குப் பின்னால் அருவியைக் கொட்ட வைப்பேன். செத்துப்போனவரின் ஆதார் அட்டைப் படத்தை வைத்துக்கொண்டு அவரைச் சிரிக்க வைப்பேன். நாள் முழுக்க அடுத்தவர் வீட்டு மூஞ்சிகளோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு நாலு மூஞ்சிகளையாவது உள்ளது உள்ளபடி வரைய வேண்டும் என்று ஆசை வராதா? எனக்கு வந்தது.

வரைய மூஞ்சிகள் வேண்டுமே. அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்தது அம்மா.

அம்மா மலைக்குப் போகிறவள். மலைக்குப் போவது என்றால் விடிவதற்குள் ஜீப்பில் ஏறி, மெட்டு என்கிற மலைக் கணவாய் வழியாகக் கேரளப் பக்கத்து ஏலத்தோட்டத்துக்குப் போய், காய் எடுத்துவிட்டு, இருட்டுகிற நேரத்தில் வீடு வந்து சேர்வது. ஏலக்காய் செடியின் அடியில், தரையோடு தரையாகச் சரம் சரமாகக் கிடக்கும். அதனால் பகல் முழுக்கக் குத்தவைத்தே இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் முதுகு நிமிர அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்தக் கொஞ்ச நேரம் சுவரைப் பிடித்து நின்றபடி அன்றைக்கு நடந்ததைச் சொல்வாள். யார் முழங்காலில் அட்டை ஏறியது, யார் மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், மேஸ்திரி மலையாளத்தில் வைததை யார் தமிழில் திருப்பிக் கொடுத்தாள். அதை எல்லாம் நான் கடையின் பழைய டேப்லெட்டில் வரைந்தேன். வரைந்து முடித்தபோது முழுப் புத்தகம் ஆகியிருந்தது. ஜீப்பில் தொடங்கி ஜீப்பில் முடிகிற ஒரு நாளின் கதை.

விற்கலாமா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"புஸ்தகமா வேணாம்" என்றாள். "இங்க யாரு கையிலயும் அது இருக்கக் கூடாது. அவளுக மூஞ்சி இருக்கு, என் மூஞ்சி இருக்கு. டீக்கடையில எவனாச்சும் புரட்டிக்கிட்டு உக்காந்திருப்பான்."

"போன்ல மட்டும் விக்கலாம்மா. வாங்குறவங்க எல்லாம் வெளியூர்தான்."

அம்மா யோசித்துப் பார்த்தாள். பிறகு சொன்னாள், "அப்பச் சரி. நம்ம ஊரு காய் மாதிரிதானே. வெளியூருக்குப் போனது திரும்பி வரவா போகுது?"

இதைக் கேட்டு யாரும் சிரிக்க வேண்டாம். நல்ல காய் என்றால் எங்கள் ஊரைவிட்டு வெளியே போய்விடும், அவ்வளவுதான். டெல்லிக்குப் போகும், அரபு நாட்டுக்குப் போகும். வருஷம் பூராவும் மலையில் காய் எடுக்கிறவள் வீட்டுப் பாயசத்தில் விழுவது வாய் பிளந்த காய்தான். போனது திரும்பி வந்ததாக அம்மா பார்த்ததே இல்லை. கம்ப்யூட்டர் படித்த நானும் அதற்குத் தலையை ஆட்டினேன். நானும் இந்த ஊர்க்காரிதானே.

ஒரு வெப்சைட்டில் போட்டேன். விலை நாலு டீ குடிக்கிற காசு. வாங்க ஆரம்பித்தார்கள். பெங்களூரில் ஒருத்தி, சிங்கப்பூரில் ஒருவர், கோயம்புத்தூரில் கல்லூரிப் பிள்ளைகள். பக்கம் பக்கமாகச் சொல்லி மெயில் எழுதினார்கள். அம்மாவுக்குப் படித்துக் காட்டுவேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டே கேட்பாள்.

"காசு குடுத்தா பார்க்குறாங்க?"

"ஆமாம்மா."

"காசு குடுத்துப் பார்க்குறவங்க மரியாதையாத்தான் பார்ப்பாங்க" என்றாள். அவளுக்கு அதில் ஒரு திருப்தி. எனக்கு அதைவிடத் திருப்தி. ஃப்ளெக்ஸில் நான் போட்ட எதையும் யாரும் இதுவரை பக்கம் சொல்லிப் பாராட்டியதில்லை.

அந்தப் புத்தகத்தில்தான் படுதாப் பக்கம் இருக்கிறது. அதை விவரமாகச் சொல்ல வேண்டும், இனி நடந்தது எல்லாம் அதைச் சுற்றித்தான்.

அம்மா போகிற தோட்டத்தில் காய் உலர்த்துகிற ஸ்டோரை ஒட்டி ஒரு கக்கூஸ் உண்டு. டைல்ஸ் போட்டது. பூட்டிக் கிடக்கும். சாவி மேஸ்திரியிடம். அது முதலாளி வந்தால், ஆபீஸ்காரர்கள் வந்தால் திறக்கிறது. பொம்பளைகளுக்குச் செடி மறைவுதான். செடி மறைக்காத இடத்தில் படுதா. படுதா என்றால் மழைக்குத் தலையோடு போர்த்திக்கொள்கிற நீலப் பிளாஸ்டிக் விரிப்பு, அது அம்மாவுடையது, அவள் பையில்தான் மடித்து இருக்கும். ஒருத்தி உள்ளே போனால் நாலு பேர் நாலு முனையைப் பிடித்து, அவளுக்கு முதுகைக் காட்டி நிற்பார்கள். நிற்கும்போது வேண்டுமென்றே சத்தமாக எதையாவது பேசுவார்கள், உள்ளே இருக்கிறவளுக்குக் கூச்சம் இருக்கக் கூடாது என்று. பருப்பு விலை, பேரன் பரீட்சை, எதையாவது. இதை அம்மா சொன்ன அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. மறுநாள் வரைந்தேன்.

படத்தில் ஒன்றும் தெரியாது. நாலு பேர், நடுவில் நீலப் படுதா, அதற்கு மேலே ஒரு தலைத்துண்டின் நுனி. நாலு பேரும் நாலு பக்கம் பார்க்கிறார்கள், யாரும் வந்துவிடக் கூடாது என்று. அம்மாவோடு ஜீப்பில் போகிற, பெரிய மூக்குத்தி போட்ட அத்தை ஒரு முனையில் நின்று, திரும்பாமலே சொல்கிறாள்: "வெரசா வாடி, மேஸ்திரி வர்றாரு!" தூரத்தில் பூட்டின கதவு. அவ்வளவுதான். அந்தப் புத்தகத்தில் நான் நன்றாக வரைந்த பக்கம் அதுதான் என்று இப்போதும் சொல்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்கு வந்தார். நான் வரைந்துகொண்டிருந்ததை எட்டிப் பார்த்தார். என்னவென்று கேட்டார். அம்மா, "என்னமோ வெளியூர்க்காரங்களுக்கு வரைஞ்சு குடுக்குறா, விடு" என்றாள். விடுகிற ஆளா அவர்? என் போனை வாங்கி, வெப்சைட்டைப் பார்த்து, அங்கேயே உட்கார்ந்து காசு கட்டி வாங்கிவிட்டார். சொந்தத்தில் முதலில் காசு கொடுத்து வாங்கியவர் அவர்தான், இதையும் சொல்லிவிட வேண்டும். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "எங்க அக்கா ஜீப்புல போறதை எப்படி வரைஞ்சிருக்கா பாரு" என்றார். போகும்போது எனக்கும் ஒரு பிடி காய் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

தெரு முனை தாண்டுவதற்குள் குடும்பக் குரூப்பில் புத்தகம் வந்து விழுந்தது. முழுப் புத்தகம். கும்பிடுகிற கை, ரோஜாப்பூ, கீழே "என் அக்கா மகள் வரைந்தது, அனைவரும் பார்த்து வாழ்த்தவும்." அனைவரும் வாழ்த்தினார்கள். ராசிங்காபுரத்துச் சித்தப்பா வாழ்த்திவிட்டு அவர் தெரு குரூப்பில் போட்டார். தெருவிலிருந்து கோயில் குரூப்புக்குப் போனது. கோயிலிலிருந்து ஏலக்காய் வியாபாரிகள் குரூப்புக்கு. அங்கிருந்து ஜீப்பு டிரைவர்கள் குரூப்புக்கு. வாழ்த்து எல்லாம் எந்த இடத்தில் நின்றுபோனது என்று எனக்குத் தெரியாது. எவனோ ஒருவன் புத்தகத்தை விட்டுவிட்டு படுதாப் பக்கத்தை மட்டும் வெட்டி எடுத்தான். அடுத்தவன் அதிலிருந்து மூக்குத்தி அத்தையை மட்டும் வெட்டி எடுத்தான். "வெரசா வாடி" என்ற வரியோடு ஸ்டிக்கர் ஆக்கினான்.

பிறகு ஊரே அதை ஒட்டியது. பணம் அனுப்பத் தாமதமா, வெரசா வாடி. லோடு இறக்கத் தாமதமா, வெரசா வாடி. நான் வேலை பார்க்கிற கடைக்கே, சடங்கு பேனர் கேட்டிருந்த ஒருத்தன் என் நம்பருக்கு அதை அனுப்பினான். வரைந்தவள் நான்தான் என்று அவனுக்குத் தெரியாது. என் கோடு, என் கலர், அத்தையின் மூக்குத்தியில் நான் பார்த்துப் பார்த்து வைத்த வெளிச்சப் புள்ளி. கீழே வயிற்றைப் பிடித்துச் சிரிக்கிற மூஞ்சிகள்.

ஜீப்பு நிற்கிற இடத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. காலையில் பொம்பளைகள் தூக்குவாளியோடு வந்து நின்றால் அங்கே பெஞ்சில் இருக்கிறவன்கள் ஒருத்தனை ஒருத்தன் பார்த்து, "வெரசா வாடி" என்று இழுப்பான்களாம். இதை அம்மா எனக்குச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது வேறு விதமாக.

ஒரு நாள் காலையில் ஜீப்புக்குக் கிளம்பிப் போன அம்மா, நான் பல் விளக்கி முடிப்பதற்குள் திரும்பி வந்துவிட்டாள். தூக்குவாளியை அடுப்பு மேடையில் வைத்தாள். தலைத்துண்டை அவிழ்த்தாள். மேலே போட்டிருந்த அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"என்னம்மா?"

"ஜீப்புல லோடு ஃபுல்லாம்."

மெட்டு ரோட்டில் ஓடுகிற ஜீப்பைப் பார்த்தவர்களுக்குத்தான் இது புரியும். அதில் லோடு ஃபுல் என்று ஒன்று கிடையாது. இன்னொரு ஆள் வந்தால் இன்னொரு தொடை ஒடுங்கும். பின்னால் தொங்குவார்கள், மடியில் உட்காருவார்கள், டிரைவர் அரை உடம்பை வெளியே விட்டு ஓட்டுவார். ஃபுல் என்று சொல்லி யாரையும் இறக்கிவிட்டதாக எங்கள் ஊர் கேள்விப்பட்டதில்லை. ஆளைச் சேர்க்கக் கூடாது என்றால் வேறு வழி உண்டு. அவளுடைய இடத்தில் இன்னொருத்தி தன் தூக்குவாளியை வைத்துவிடுவாள். அதற்கு மேல் யாரும் ஒன்றும் பேசத் தேவையில்லை. அம்மாவின் இடத்தில் மூக்குத்தி அத்தையின் வாளி இருந்திருக்கிறது. டிரைவர் எங்கேயோ பார்த்துக்கொண்டு, "ஃபுல்லுக்கா" என்றிருக்கிறான்.

அந்த இடம் போனால் அம்மாவுக்கு எல்லாம் போனது. ஜீப்பில் இடம் இல்லாதவளுக்குத் தோட்டத்தில் வேலை இல்லை. வேலையை எங்காவது தேடிக்கொள்ளலாம். நான் சின்னப் பிள்ளையாக இருந்ததிலிருந்து அவள் தொடையோடு தொடை உட்கார்ந்து போனவர்களை எங்கே தேடுவது?

"வெளியூருக்குத்தான் போகும்னு சொன்ன" என்றாள் அம்மா. தூக்குவாளியில் இருந்த சோற்றை எனக்குப் போட்டு வைத்தாள்.

நேரே மாமா வீட்டுக்குப் போனேன். அவர் தட்டில் காயைப் பரப்பி வைத்துப் பொறுக்கிக்கொண்டிருந்தார். என் மூஞ்சியைப் பார்த்ததும், "வா ஆத்தா, காப்பி குடிக்கிறியா?" என்றார்.

"எதுக்கு மாமா அனுப்புனீங்க?"

"எதை?"

"புஸ்தகத்தை. நீங்க வாங்கினது நீங்க படிக்கத்தானே?"

"பெருமையாத்தானே அனுப்பிச்சேன்" என்றார், உண்மையாகவே திகைத்துப்போய். "உன் பேரு நாலு பேருக்குத் தெரிய வேணாமா?"

"நாலு பேரும் காசு குடுத்து வாங்கட்டுமே."

அப்போதுதான் கேட்டார், சாம்பிளுக்கு யாராவது காசு கொடுப்பார்களா என்று. கேட்டுவிட்டு இன்னொன்றும் சொன்னார்: "நான் ஒரு பிடி காய் எடுத்துக் குடுத்தா மூட்டையில ஒரு பிடி குறையும். உன்கிட்ட என்ன குறைஞ்சது? நான் எத்தனை பேருக்கு அனுப்பிச்சாலும் உன் புஸ்தகம் உன்கிட்ட அப்படியேதானே இருக்கு?"

எங்க அம்மாவுக்கு ஜீப்பில் இடம் குறைந்துபோச்சு மாமா என்று கத்தினேன். உள்ளே இருந்து மாமி ஓடி வந்தாள். மாமா கையில் இருந்த காய் தட்டில் கொட்டியது. அக்காவை ஜீப்பில் ஏற்றவில்லை என்பது அவருக்கு அதுவரை தெரியாது. "நான் என்னத்தா பண்ணுவேன், வெட்டினவன் எவனோ" என்றார். பிறகு, நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, தட்டுக்குப் பக்கத்தில் கிடந்த போனை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டார். அந்த ஸ்டிக்கர் அவர் போனிலும் இருந்தது. அன்று காலையில்தான் யாருக்கோ அனுப்பியிருந்தார். திரையில் என் கண் முன்னால்தான் அது கிடந்தது.

வீட்டுக்கு வந்து வெப்சைட்டில் இருந்து புத்தகத்தை எடுத்தேன். என்ன பிரயோசனம்? அச்சில் இருந்தால் போடியில் இருக்கிற எல்லாப் பிரதியையும் வீடு வீடாகப் போய் வாங்கி எரித்திருப்பேன். இதை எங்கே போய் வாங்குவது? ஆளுக்கு ஒன்று இருக்கிறது, ஆனால் யாரிடமும் வாங்க முடியாது. காசு கொடுத்து வாங்கிய பெங்களூர்ப் பெண் மட்டும், "ஏன் எடுத்துவிட்டீர்கள், ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டு எழுதினாள். காசு கொடுக்காதவன் ஒருத்தனும் எதையும் கேட்கவில்லை.

சாயங்காலம் மூக்குத்தி அத்தை மலையிலிருந்து திரும்புகிற நேரம் பார்த்து அவள் வீட்டு வாசலில் நின்றேன். அவள் வந்தாள். என்னைப் பார்த்தாள். கதவைத் திறக்காமல் படியிலேயே உட்கார்ந்து காலில் இருந்த மண்ணை உதறினாள்.

"என் மருமகன் போன்ல பார்த்தேன்" என்றாள். "பொண்ணைக் கட்டிக்குடுத்த வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் சிரிச்சுக்கிட்டே காட்டுறான், அத்தே இது ஒங்கள மாதிரியே இருக்குன்னு."

முழுப் புத்தகத்தையும் போனில் எடுத்து நீட்டினேன். வாங்க மாட்டாள் என்று நினைத்தேன். வாங்கினாள். ஜீப்பு, மழை, அட்டை, மேஸ்திரி என்று ஒவ்வொன்றாக விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். படுதாப் பக்கம் வந்ததும் நின்றாள். அவள் அதுவரை அந்தப் பக்கத்தை முழுசாகப் பார்த்ததில்லை. பூட்டின கதவைத் தொட்டாள். படம் பெரிசானது.

"நல்லாத்தான் வரைஞ்சிருக்க" என்றாள். "இப்ப இதை அழி."

"அழிக்க முடியாது அத்தே. எல்லார்கிட்டயும் போயிருச்சு."

"அழிக்க முடியாததை எதுக்குடி வரைஞ்ச?"

போனை என் மடியில் போட்டுவிட்டு எழுந்தாள். கதவைத் திறந்தவள் திரும்பி, "படுதாவும் ஒங்க ஆத்தா கூடவே போயிருச்சு. சேலைத் தலைப்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறோம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நடந்து வரும்போது டீக்கடையைத் தாண்டித்தான் வந்தேன். பெஞ்சில் வழக்கமான ஆட்கள். எவனும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. எல்லோர் கையிலும் போன். குனிந்த தலைகள், வளைந்த முதுகுகள். எனக்கு அந்த முதுகுகள் எல்லாம் ரொம்பப் பழக்கமாக இருந்தன. எங்கே பார்த்திருக்கிறேன் என்று யோசித்தேன். மெட்டு ரோட்டில்.

மலைக்கு ஏறுகிற ஜீப்பு வழியில் ஒரு வளைவில் நிற்கும். ஆம்பளைகள் எல்லாம் இறங்குவார்கள். பைக்கில் போகிறவன்களும் அங்கேதான் நிறுத்துவான்கள். பள்ளத்தைப் பார்த்து, ரோட்டுக்கு முதுகைக் காட்டி வரிசையாக நிற்பார்கள். மறைவும் இல்லை, மண்ணும் இல்லை. ஜீப்பில் இருக்கிற பொம்பளைகள் அந்தப் பக்கம் திரும்பாமல் மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மாமாவும் தோட்டத்துக்குச் சாம்பிள் எடுக்கப் போகும்போது அங்கே நிற்பவர்தான். சின்ன வயதில் அம்மாவோடு போனபோது நானே பார்த்திருக்கிறேன்.

வரைந்தேன். அதற்கு முன்னால் எதையும் அவ்வளவு வேகமாக வரைந்ததில்லை. அந்த வளைவு, கீழே போடி, ஓரத்தில் வரிசையாக முதுகுகள். மூஞ்சி ஒன்றுகூட இல்லை. தேவையும் இல்லை. ஒருத்தர் கக்கத்தில் காய்ப் பை, சட்டைக் காலருக்குள் மடித்த கைக்குட்டை. ஒருத்தன் தோளில் டிரைவர் துண்டு. ஒருத்தன் இடுப்பில் டீ மாஸ்டரின் கட்டம் போட்ட லுங்கி. சித்தப்பாவின் வழுக்கை. ஒரு கையில் எல்லோருக்கும் போன். ரோட்டில் ஜீப்பு நிற்கிறது, அதற்குள் நாலு பொம்பளைகள் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். கீழே ஒரே வரி எழுதினேன்: "இவர்களுக்குப் படுதா தேவையில்லை."

இந்தத் தடவை முதலில் அத்தையிடம் போனேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்கவில்லை, போனைத்தான் பார்த்தார்கள்.

அத்தை உற்றுப் பார்த்தாள். "இது டிரைவரா?"

"ஆமா."

"அவன் துண்டு செவப்பாச்சே. பச்சை போட்டிருக்க."

மாற்றினேன். அங்கேயே, அவள் வாசலில் உட்கார்ந்து. அவள் அடுத்த முதுகைக் காட்டினாள். "இது ஒங்க மாமன்தானே?" என்றாள். அம்மா வேறு பக்கம் திரும்பினாள். தோள் குலுங்கியது. முதலில் அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். அழவில்லை. அத்தைக்கும் அடக்க முடியவில்லை. இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"அனுப்பு" என்றாள் அத்தை.

விலை போடவில்லை. வெப்சைட்டில் ஏற்றவில்லை. குடும்பக் குரூப்பில் போட்டேன். கும்பிடுகிற கை, ரோஜாப்பூ, கீழே "நான் வரைந்தது, அனைவரும் பார்த்து வாழ்த்தவும். சாம்பிள்தான், காசு வேண்டாம்." அதற்கு மேல் என் வேலை ஒன்றும் இல்லை. எந்த வழியில் போகும் என்பது எனக்குத் தெரியும். இந்தத் தடவை பொம்பளைகள் குரூப்புகளிலும் போனது. எந்த முதுகு யாருடையது என்று கண்டுபிடிப்பது இரண்டு நாளைக்கு ஊரின் பொழுதுபோக்காக இருந்தது. டீ மாஸ்டரின் பெண்டாட்டி அந்த லுங்கியை எடுத்து அடுப்புத் துடைக்கப் போட்டுவிட்டாள் என்று கேள்வி. வெரசா வாடி ஸ்டிக்கர் எனக்குத் தெரிந்து அதற்குப் பிறகு யாருக்கும் போகவில்லை.

அனுப்பிய மறுநாளே அம்மா ஜீப்புக்குப் போனாள். நானும் கூடப் போனேன். டிரைவர் தோளில் துண்டு இல்லை. அவன் எங்களைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டான். அம்மாவின் இடத்தில் தூக்குவாளி இருந்தது. அத்தை அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "படுதா எடுத்தாந்தியா?" என்றாள். அம்மா பையைத் தட்டிக் காட்டிவிட்டு ஏறினாள். எதிரே பெஞ்சில் ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை.

இதோடு என் கோபம் அடங்கியிருக்க வேண்டும். அன்று சாயங்காலம் மாமா கூப்பிட்டார்.

"என்னத்தா இப்படிப் பண்ணிட்ட" என்றார். குரல் உடைந்திருந்தது. "ஏலத்துல உக்கார முடியலை. பின்னாடி நின்னுக்கிட்டு என் முதுகைப் பார்த்துச் சிரிக்கிறானுங்க. அதை டிலீட் பண்ணிரு ஆத்தா."

"எல்லாருக்கும் போயிருச்சே மாமா. பெருமையாத்தான் அனுப்பிச்சேன்."

போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன், வைக்கவில்லை. அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. அம்மா போகிற தோட்டத்தின் காயை விற்றுக் கொடுப்பவர் மாமாதான். முதலாளிக்கு வாரம் தவறாமல் போன் போடுகிறவர்.

"மாமா, அந்தப் படுதாப் பக்கத்தை எத்தனையோ பேருக்கு அனுப்புனீங்க. முதலாளிக்கு அனுப்புனீங்களா?"

"யாருக்கு?"

"தோட்டத்து முதலாளிக்கு. கக்கூஸைப் பூட்டி வச்சிருக்காருல்ல, அவருக்கு."

"சேச்சே" என்றார் மாமா, பதறிப்போய். நல்லவர், நான் முதலிலேயே சொன்னேனே. "அவருக்கு எப்படி ஆத்தா அனுப்புறது? சங்கடப்படுவாருல்ல?"